துடைத்துக் கொடுத்த தராசு

இரண்டு தட்டிலும் சம எடையுள்ள கற்களை வைத்தால் தராசு நேராக நிற்க வேண்டும். இந்தத் தராசு நிற்கவில்லை. கற்களை எடுத்துவிட்டு வெறும் தட்டுகளாகத் தொங்கவிட்டாலும் வாசல் பக்கத்துத் தட்டு கீழே இறங்கியது, சுவர்ப் பக்கத்துத் தட்டு மேலே ஏறியது.

ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தின் காப்பாளர் காலையிலிருந்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதலில் காற்றைச் சந்தேகித்து ஜன்னலைச் சாத்தினார். மின்விசிறியைச் சந்தேகிக்க வழியில்லை. அங்கிருந்த எல்லா விசிறிகளையும் போல அதுவும் சூப்பர்மார்க்கெட் முதலாளி அன்பளித்தது. இறக்கைகள் மூன்றிலும் தன் அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். விசிறி சுற்றினால் பெயர் தெரியாது. எனவே சுற்றக் கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

அடுத்து காப்பாளர் கட்டடத்தைச் சந்தேகித்தார். கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கி வந்து தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார். அது வீண் வேலை. தராசு கொக்கியில் தொங்குகிற பொருள். தரை சாய்ந்தாலும், சுவர் சாய்ந்தாலும், காப்பாளரே மயங்கிச் சாய்ந்தாலும் அதற்குக் கவலையில்லை. மேலே ஒரு தண்டு, தண்டின் இரு முனைகளிலும் சங்கிலியில் தொங்கும் தட்டுகள், தண்டின் நடுவில் ஒரு முள். இந்தப் பக்கக் கனமும் அந்தப் பக்கக் கனமும் சமமானால் முள் நேராக நிற்கும். அதற்கு மேல் தராசுக்கு ஒன்றும் தெரியாது. உலகத்திலேயே இவ்வளவு குறைவாக விஷயம் தெரிந்துகொண்டு இவ்வளவு மரியாதை சம்பாதித்த கருவி வேறு இல்லை.

கடைசியில் காப்பாளர் தன்னையே சந்தேகித்தார். சந்தேகம் அந்த அளவுக்குப் போனதும் துப்பறியும் அண்ணிக்குப் போன் செய்தார்.

அண்ணி உண்மையில் ஒரே ஒருவனுக்குத்தான் அண்ணி, கணவரின் தம்பிக்கு. அவன்தான் அவருடைய துப்பறியும் அலுவலகத்தின் ஒரே உதவியாளன். நாற்பது வயது, தலையில் கொஞ்சமும் வாயில் நிறையவும் உள்ளவன். போகிற இடமெல்லாம் "அண்ணி, இதப் பாருங்க", "அண்ணி, அத விடுங்க" என்று அவன் கூப்பிட்டதில் ஊரே அந்த முறைக்குள் வந்துவிட்டது. அண்ணியைவிட மூத்த இன்ஸ்பெக்டர்கூட "நம்ம அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றுதான் சொல்லுவார்.

இருவரும் 'நம் கடைத்தெரு' என்ற அந்தப் புது அறைக்குள் நுழைந்தார்கள். மாலையில் திறப்பு விழா. கொழுந்தன் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வந்தது அருங்காட்சியகத்துக்கா, கண்காட்சி விற்பனைக்கா என்று கேட்டான். கேள்வியில் நியாயம் இருந்தது. முடிதிருத்துபவரின் பழைய சுழல் நாற்காலி புது ரெக்ஸினில் சிவப்பாக மின்னியது. தட்டச்சு இயந்திரத்தை யாரோ அழுத்தித் தேய்த்ததில் விசைகளில் இருந்த எழுத்துகள் எல்லாம் போய்விட்டன. தபால்காரர் ஒருவர் தோளில் மாட்டிய கித்தான் பை வாஷிங் மெஷினில் சுருங்கி, இனி போஸ்ட் கார்டு மட்டும்தான் போடலாம் என்கிற அளவில் இருந்தது. ரொட்டிக்கடையின் முதல் பெயர்ப்பலகையில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அதில் கைப்பேசி எண்ணையும் சேர்த்திருந்தார்கள்.

காப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு காரணம் சொன்னார். முதன்முதலில் வந்த அலமாரியோடு கரையானும் வந்ததாம். பயந்துபோய், அன்பளிப்புப் பொருட்களை நன்றாகச் சுத்தம் செய்து கொண்டுவரும்படி ஊர் முழுக்க அறிவித்துவிட்டாராம். ஜனங்கள் அவர் பேச்சைக் கேட்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

"நல்லவேளை அண்ணி, எங்க தாத்தாவை யாரும் டொனேட் பண்ணல" என்றான் கொழுந்தன். "பாலிஷ் போட்டு நிக்க வச்சிருப்பாங்க."

தராசுக்குக் கீழே ஓர் அட்டை இருந்தது. 'நேர்மைத் தராசு. ஊரின் முதல் மளிகைக் கடையில் பயன்பட்டது. கடைக்காரரின் மகள் அன்பளிப்பு.' அட்டைக்கு இந்தப் பக்கம் அந்த மகள் நின்றிருந்தார். அந்தப் பக்கம் சூப்பர்மார்க்கெட் முதலாளி நின்றிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காக அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் பள்ளி வேன் ஓட்டுபவர். ஊரில் அவரை வேன் அக்கா என்பார்கள். குழந்தைகளின் கூச்சலுக்கு மேல் பேசிப் பேசித் தடித்த குரல். வண்டியை அருங்காட்சியகத்தின் வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்தார். விஷயம் முடிகிறவரை ஒருவரும் வெளியே போகக் கூடாது என்பது அதன் பொருள்.

முதலாளியின் அப்பா, அந்த மளிகைக் கடைக்கு நேர் எதிரே கடை வைத்திருந்தவர். நேற்று விசிறிகள் ஓடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வந்த முதலாளி, விளையாட்டாகத் தராசில் இரண்டு எடைக்கற்களை வைத்துப் பார்த்திருக்கிறார். தராசு சாய்ந்ததும், இதைச் சொல்ல மனசுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது என்று மிகவும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். திறப்பு விழாவுக்குள் 'நேர்மை' என்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே 'கள்ள' என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் விசிறிகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்பது அவர் கோரிக்கை.

ஓடாத விசிறியைக் கழற்றினால் அறையில் என்ன வித்தியாசம் தெரியும் என்று கொழுந்தன் விசாரித்தான். அண்ணி அவன் காலை மிதித்தார்.

வேன் அக்கா அண்ணியைத் தனியே ஜன்னல் ஓரம் அழைத்துப் போனார். அவரால் தாழ்ந்த குரலில் பேச முடியாது. எனவே எல்லோருக்கும் கேட்டது.

"எங்கப்பா கடைக்குச் சின்னப் பிள்ளைங்களத் தனியா அனுப்புவாங்க அண்ணி. எடையப் பாருன்னு யாரும் சொல்லி அனுப்பினதில்ல. அவரு விட்டுட்டுப் போனது அந்தப் பேரு ஒண்ணுதான். இன்னைக்குச் சாயங்காலம் அதுவும் போயிடுச்சுன்னா, நான் யாரு மூஞ்சிலயும் முழிக்க முடியாது."

அண்ணி தலையசைத்துவிட்டுத் தராசிடம் போனார்.

தட்டுகள் இரண்டும் பித்தளை. கண்ணாடி மாதிரி மின்னின. கொழுந்தன் ஒன்றில் முகம் பார்த்து, இருக்கிற கொஞ்ச முடியைச் சரிசெய்துகொண்டான். இப்படி ஒரு பாலிஷை யார் போட்டது என்று அண்ணி கேட்டார். தன் அண்ணன் என்றார் வேன் அக்கா. அண்ணன் பல்செட் செய்கிறவர். பல்லுக்கு மெருகு போடுகிற மோட்டாரிலேயே தராசுக்கும் போட்டுவிட்டார்.

பாலிஷ் அழுக்கை எடுக்கும், கறையை எடுக்கும், லேசான கீறலையும் எடுக்கும். ஆனால் குழியை எடுக்காது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தட்டுகளின் உட்புறத்தைத் தடவினார். வாசல் பக்கத் தட்டில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். சுவர்ப் பக்கத் தட்டு வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"கடையில ஒரு தட்டுல நாள் முழுக்க இரும்புக் கல்லு விழும்" என்றார் அண்ணி. "இன்னொரு தட்டுல பருப்பும் சர்க்கரையும் விழும். பருப்பு விழுந்து பித்தளை குழியாகாது. அதனால வாசல் பக்கம் இருக்கறதுதான் கல் வைக்கிற தட்டு. சுவர்ப் பக்கம் இருக்கறது சாமான் வைக்கிற தட்டு."

காப்பாளர் அதை உடனே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். கொழுந்தன் மட்டும் தராசையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மூளை வாயளவுக்கு வேகமில்லை என்றாலும் வந்து சேர்ந்துவிடும்.

"இருங்க அண்ணி. கனமா இருக்கிறது கல்லுத் தட்டு. அப்போ அதைத் தூக்க, இந்தப் பக்கம் சாமான் அதிகமாப் போடணும். அப்படீன்னா ஏமாந்தது கடைக்காரர்தானே?"

அண்ணி ஆமாம் என்றார். இப்போது இருக்கிற நிலையில், இந்தத் தராசில் யார் எதை வாங்கினாலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் கொண்டுபோவார்கள்.

வேன் அக்கா நிமிர்ந்து நின்றார். காப்பாளர் மூச்சுவிட்டார். ஆனால் முதலாளி பரம்பரை வியாபாரி. அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. கடை திறந்த நாளிலிருந்து மூடிய நாள்வரை தன் கையிலிருந்து அள்ளிக் கொடுத்த ஒரு வியாபாரியை யாராவது பார்த்ததுண்டா என்று கேட்டார். அப்படி ஓர் ஆள் இருந்திருந்தால் அவர் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியவர், அவருடைய தராசு இல்லை என்றார்.

அண்ணி அதையும் ஒப்புக்கொண்டார். "நீங்க சொல்றது சரி. நானும் நம்பல. கடையில இருந்தப்ப இந்தத் தராசு இப்படி இருந்திருக்காது. ஏதோ ஒண்ணு இதுல இருந்திருக்கு, இப்ப இல்ல."

சொல்லிக்கொண்டே சுவர்ப் பக்கத் தட்டைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். அடிப்பக்கமும் பளபளப்புதான். ஆனால் நடுவில், கடைசல் பிடித்தபோது விழுந்த மெல்லிய வட்டக் கோடு ஒன்று ஓடியது. மோட்டாரில் சுற்றுகிற துணிச் சக்கரம் மேட்டைத் தேய்க்கும். கோட்டின் பள்ளத்துக்குள் அதனால் இறங்க முடியாது. அண்ணி கொண்டை ஊசியை எடுத்து அந்தக் கோட்டைச் சுரண்டினார். கருஞ்சிவப்பாக ஒரு துணுக்கு வந்தது. கொழுந்தன் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினான். துணுக்கு உருகியது, பார்சலுக்கு முத்திரை வைக்கிற வாசனை வந்தது.

அரக்கு.

முதலாளி சிரித்தே விட்டார். "சாமான் தட்டுக்கு அடியில அரக்கு. அரக்கு எதுக்கு? கனமா எதையாவது ஒட்டறதுக்கு. தட்டுலயே கனத்தை ஒளிச்சு வச்சுட்டா சாமானைக் குறைச்சுப் போட்டாப் போதும். என்னால முடியாததை நீங்க முடிச்சுக் கொடுத்துட்டீங்க அண்ணி. ரொம்ப நன்றி."

கொழுந்தன் அண்ணியின் காதருகே குனிந்தான். "நமக்குப் போன் பண்ணினது இவரா, அவரா? ஒரு தடவை சரி பார்த்துக்கலாமா?"

வேன் அக்கா சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தவர், பிறகு வெளியே போய் வண்டியைக் கிளப்பி வாசலிலிருந்து நகர்த்தினார்.

"எங்கண்ணன்கிட்டப் போயிட்டு வாங்க அண்ணி" என்றார் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "எதுவா இருந்தாலும் முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. பாதி தெரிஞ்சு என்னால இருக்க முடியாது."

பல்செட்காரரின் பட்டறை அவருடைய வீட்டின் முன்னறையில் இருந்தது. அலமாரி நிறையப் பல்செட்டுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. இத்தனை பேர் சிரிக்கிற இடத்தில் சொந்தக்காரர் மட்டும் சிரிக்கவில்லை என்று கொழுந்தன் மெதுவாகச் சொன்னான். பல்செட்காரர் மோட்டாரை நிறுத்தவில்லை. தராசைத் துடைத்தது தான்தான். அதில் அழுக்கைத் தவிர ஒன்றும் இல்லை. தட்டுக்கு அடியில் எதையும் பார்க்கவில்லை. கேட்காத கேள்விக்கும் சேர்த்து அவர் பதில் சொன்னார். தட்டுக்கு அடியைப் பற்றி அண்ணி இன்னும் வாயே திறக்கவில்லை.

அண்ணி அதைக் கவனிக்காதவர் மாதிரி மோட்டாரைப் பற்றிக் கேட்டார். அவர் கேட்டது நடிப்பில்லை; எந்த இயந்திரத்தைக் கண்டாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அவரால் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது. பல்செட்காரர் முகம் கொஞ்சம் தெளிந்தது. முதலில் முரட்டுத் துணி, பிறகு மெல்லிய துணி, கடைசியில் வெறும் துணி என்று விளக்கினார். மேல் பல்வரிசையும் கீழ்ப் பல்வரிசையும் ஒரு மயிரிழைகூட மேடு பள்ளம் இல்லாமல் சேர வேண்டும். ஒரு பக்கம் தூக்கினால் வாய்க்குள் செட் ஆடும் என்றார்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி எல்லோரையும் டீக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மனைவி, கேட்க ஆள் கிடைத்த உற்சாகத்தில், ஊரில் உள்ள வாய்களை எல்லாம் ஆடாமல் செய்கிறவர் வீட்டில் ஒரு மேஜையைச் சரி செய்ய மாட்டேன் என்கிறார் என்று ஆரம்பித்தார்.

"கல்யாணமான நாள்லேருந்து இந்த மேஜை ஆடுச்சு. டீயில பாதி எங்களுக்கு, பாதி மேஜைக்கு. சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேஞ்சுது. இப்ப கொஞ்ச நாளா ஆடல பாருங்க. தானா சரியாயிடுச்சு."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார்.

ஆடுகிற மேஜை தானாகச் சரியாவதில்லை. மேஜை ஆடுவதற்குக் காரணம் ஒரு கால் குட்டையாக இருப்பது. மரத்தை வெட்டி மேஜையாக்கிய பிறகு கால் வளர்வதில்லை. ஒரு மேஜை ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் யாரோ குனிந்திருக்கிறார்கள். குனிந்தது மனைவி இல்லை. வருஷக்கணக்காகக் குனியாத கணவர் திடீரென்று குனிந்து, அதையும் மனைவியிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டிலும் நடக்காத காரியம் அது.

எப்போதிருந்து ஆடவில்லை என்று அண்ணி கேட்டார். நாத்தனார் வந்து தராசை எடுத்துக்கொண்டு போனாளே, அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து என்றார் மனைவி.

கொழுந்தன் ஏற்கெனவே மேஜைக்கு அடியில் இருந்தான்.

"அதை எடுக்காதீங்க" என்றார் பல்செட்காரர்.

எடுத்தாகிவிட்டது. பிஸ்கட் அளவில், தட்டையாக அடித்த ஈயம். ஒரு பக்கம் பழைய அரக்கு ஒட்டியிருந்தது. மறுபக்கம் மேஜைக்கால் பதிந்த தடம் இருந்தது. மேஜை ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது; டீ மேஜைக்குப் போனது.

பல்செட்காரர் மெதுவாகச் சொன்னார். தராசைக் கழற்றித் தரையில் பரப்பிச் சுத்தம் செய்தபோது, சாமான் தட்டுக்கு அடியில் இது இருந்திருக்கிறது. பார்த்ததும் புரிந்துவிட்டது. கள்ளத் தராசுக்காரர்கள் செய்வது இதைத்தானே? உளியை வைத்துப் பெயர்த்தார். பெயர்த்த தடம்கூடத் தெரியாமல் மோட்டாரில் போட்டுத் தேய்த்தார். தங்கையிடம் சொல்ல வாய் வரவில்லை. நேற்று அவள் போனில் அழுதபோது, பல்வலி, பேச முடியவில்லை என்று வைத்துவிட்டார்.

"அப்பா செத்தப்பகூட எனக்கு இப்படி இல்ல" என்றார். "தூக்கி எறியவும் கை வரல. கண்ணுல படற இடத்துல வைக்கவும் முடியல. யாரும் குனிஞ்சு பார்க்காத இடம் இந்த வீட்டுல இது ஒண்ணுதான்."

மனைவி துணியை எடுத்து வந்தவர், மேஜையைத் துடைக்காமல் கணவரின் தோளில் கை வைத்து நின்றார்.

அண்ணி ஈயத்தைக் கையில் ஏந்தி ஆட்டிப் பார்த்தார். ஈயம் மெத்தென்ற உலோகம். மிதித்தால் நசுங்கும், நசுங்கினாலும் எடை குறையாது. மேஜை அதன் வடிவத்தைத்தான் கெடுத்திருந்தது.

"இதைப் பெயர்க்கறதுக்கு முன்னாடி தராசை ஒரு தடவையாவது தொங்கவிட்டுப் பார்த்தீங்களா?"

இல்லை என்றார் பல்செட்காரர். பார்த்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டார்.

"அதைத்தான் பார்க்கப் போறோம். கிளம்புங்க. பல்செட்டுக்கு வைக்கிற மெழுகு கொஞ்சம் எடுத்துக்குங்க."

அருங்காட்சியகத்தில் முதலாளி புது அட்டையோடு தயாராக இருந்தார். எழுத்து அழகாகவே இருந்தது. வேன் அக்கா தன் அண்ணனைப் பார்த்தார், அவர் கையிலிருந்த ஈயத்தைப் பார்த்தார், பிறகு நாற்காலி எது என்றுகூடப் பார்க்காமல் முடிதிருத்துபவரின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி அவரை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டது. அப்படியே இருந்தார்.

பல்செட்காரர் மெழுகைச் சூடாக்கி, சுவர்ப் பக்கத் தட்டுக்கு அடியில், பழைய இடத்திலேயே ஈயத்தை ஒட்டினார். அண்ணி தட்டைச் சங்கிலியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தார். தண்டு ஒருமுறை இந்தப் பக்கம் தாழ்ந்தது, ஒருமுறை அந்தப் பக்கம். ஆட்டம் சிறிதாகிச் சிறிதாகி முள் நடுவில் வந்து நின்றது.

அண்ணி பொறுமையாகச் சொன்னார். சாமான் தட்டில் கள்ளத்தனமாகக் கனம் சேர்த்திருந்தால், காலியாக இருக்கும்போது தராசு சாமான் பக்கம் சாய வேண்டும். சாயவில்லை. ஈயம் இல்லாதபோதுதான் சாய்ந்தது, ஈயம் வைத்ததும் நேராகிவிட்டது. ஏமாற்ற வைத்த எடை தராசைக் கெடுக்கும்; இது தராசைச் சரி செய்கிறது.

நாற்காலி மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது.

முதலாளி அட்டையைக் கீழே வைக்கவில்லை. "காலியா நேரா நிக்கறது ஒரு விஷயமே இல்ல. தண்டுல ஒரு கையைக் கொஞ்சம் குட்டையாக்கி, அந்தப் பக்கத் தட்டைக் கொஞ்சம் கனமாக்கிட்டாப் போதும். காலியா இருக்கும்போது முள் நடுவுலதான் நிக்கும். அப்புறம் குட்டைக் கைப் பக்கம் கல்லு, நீளக் கைப் பக்கம் சாமான். கண்ணு முன்னாடி நிறுத்தாலும் வாங்கறவனுக்குத் தெரியாது. அரம் வச்சு ரெண்டு இழுப்பு இழுத்தா ஆச்சு, எங்கப்பா அடிக்கடி..."

அவர் நிறுத்திக்கொண்டார். அறையில் எல்லோரும் மிகுந்த மரியாதையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே, அசையாத விசிறியில், அப்பாவின் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

"சொல்லுங்க சார்" என்றான் கொழுந்தன். "அப்பா அடிக்கடி என்ன?"

காப்பாளருக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. எதிர்க்கடைத் தராசையும் தான் பலமுறை கேட்டதாகவும், அது எங்கேயோ தொலைந்துவிட்டது என்று முதலாளி சொன்னதாகவும் வெள்ளந்தியாகச் சொன்னார். தேடிப் பார்க்கிறேன் என்றார் முதலாளி, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

"கிடைச்சா துடைக்காம கொண்டுவாங்க சார்" என்றான் கொழுந்தன்.

ஆனால் கேள்வி யாரிடமிருந்து வந்தால் என்ன, கேள்வி நியாயமானது என்றார் அண்ணி. தண்டின் கைகள் சமமா என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு அளவுகோல் தேவையில்லை. இடம் மாற்றிப் பார்த்தால் போதும். கல் தட்டில், முதலாளி நேற்று வைத்துப் பார்த்த எடைக்கற்களில் ஒன்றை வைத்தார். சாமான் தட்டில், காப்பாளர் படம் மாட்ட வைத்திருந்த ஆணிகளை முள் நேராகும்வரை கொட்டினார். பிறகு ஆணிகளை அந்தத் தட்டுக்கும் கல்லை இந்தத் தட்டுக்கும் மாற்றினார். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்தால், முதல் தடவை மறைந்திருந்த தப்பு இப்போது இரண்டு மடங்காக வெளியே வரும். ஏமாற்றுகிற தராசால் இரண்டு பக்கமும் ஏமாற்ற முடியாது.

முள் ஆடியது. நடுவில் நின்றது.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. தண்டு சரி என்றால், ஈயம் எதற்கு? அண்ணி ஆணிகளையும் கல்லையும் எடுத்துவிட்டு, சாவியால் வாசல் பக்கத் தட்டைத் தட்டினார். கனத்த குரலில் 'டங்' என்றது. சுவர்ப் பக்கத் தட்டைத் தட்டினார். மெல்லிசாக 'டிங்' என்றது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். வாயைத் திறந்தால் வேறு வேறு வீடு. ஒன்று சுத்தியலால் அடித்துச் செய்த தடித்த தட்டு. மற்றது கடைசல் பிடித்த மெல்லிய தட்டு. பாலிஷ் போடுவதற்கு முன்னால் நிறத்திலேயே வித்தியாசம் தெரிந்திருக்கும்.

"ஜோடித் தட்டு இல்ல இது" என்றார் அண்ணி. "ஒரு தட்டை நடுவுல மாத்தியிருக்காங்க."

பல்செட்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"நீதான்."

"நானா?"

"சாமான் தட்டுல உக்காந்து ஊஞ்சல் ஆடினியே. சங்கிலி அறுந்து, தட்டு நசுங்கிப் போச்சு. அப்பா புதுசு வாங்கிட்டு வந்து, அடுப்புல ஈயம் காய்ச்சிக்கிட்டு உக்காந்திருந்தார். என்ன பண்றாருன்னு எனக்கு அப்பப் புரியல. உன்னை ஒரு வார்த்தை திட்டல. என்னைத்தான் திட்டினார்."

"உன்னை எதுக்கு?"

"ஊஞ்சலைத் தள்ளிவிட்டது நான்."

வேன் அக்கா எழுந்து வந்து அண்ணனின் முதுகில் ஓர் அடி வைத்தார். பள்ளி வேன் கதவை அடைக்கிற அடி அது. பிறகு அவர் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, பல்வலி இப்போது எப்படி இருக்கிறது என்று அங்கிருந்தே கேட்டார்.

முதலாளி புது அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாசலுக்கு வெளியே விருந்தினர்களின் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. காப்பாளர் பேனாவோடு ஓடிவந்தார். பழைய அட்டை அப்படியே இருக்கலாமா, தட்டுக்கு அடியில் இருப்பதைப் பார்த்துவிட்டு நாளைக்கு யாராவது மறுபடியும் ஆரம்பித்தால் என்ன சொல்வது என்று கேட்டார்.

அண்ணி சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.

"பழைய அட்டை இருக்கட்டும். அதுக்குக் கீழ இதையும் எழுதுங்க. கல் வைக்கிற தட்டு முதல்லேருந்து இருக்கிறது, கனமானது. சாமான் வைக்கிற தட்டு பின்னால வாங்கினது, லேசானது. ரெண்டு தட்டுக்கும் உள்ள எடை வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு ஈயத்தைக் கடைக்காரர் லேசான தட்டுக்கு அடியில ஒட்டியிருக்கார். ஈயம் இருந்தா இந்தத் தராசு சரியாக் காட்டும். எடுத்தா தப்பாக் காட்டும்."